அளவுகோல்

ஸ்டாக்ஹோமிலிருந்து மறுபடி கூப்பிட்டார் ரூட்பெக்.
"ஒரே வரியில் சொல், ஐரா.
முதல் பத்துப் பேரில் யாரோடு இவனை இறக்கலாம்?"

ஒரு வரியில் அடங்குகிற ஆள் இல்லை உர்ஹோ.
நூற்றுப் பதினோரு கிலோ.
அவனுடைய இடது குத்து,
கொத்கா துறைமுகத்துச் சரக்குக் கப்பல் மாதிரி,
சங்கு ஊதிவிட்டுத்தான் கிளம்பும்.
எதிராளிக்கு விலக நேரம் இருக்கும்,
விலகி நின்று சிரிக்கவும்.

முப்பத்தொரு சண்டை, ஆறு தோல்வி.
ஒரு முறைகூட முதுகு தரையைத் தொட்டதில்லை.
ஆறிலும் அவன் மூலையில் நான் இருந்தேன்,
பஞ்சுக் குச்சி, வாஸ்லைன்,
பனிக்கட்டிக்குள் கிடந்த இரும்புத் துண்டு.
இடது புருவத்தின் தழும்புகளை
ஊர் சொல்லிக் கூப்பிடுவேன்:
ரிகா, லின்ஷோப்பிங், மறுபடி ரிகா.

இரண்டாம் இடத்திலிருக்கும் ஹாம்பர்க்காரன்
டீட்மார் ஓல்டென், இடக்கையன்.
மூன்றாம் சுற்றில் ரிகா திறந்துகொள்ளும்.
வேண்டாம்.

பர்மிங்ஹாமின் கார்ல்டன் ப்ரூ அடிப்பதில்லை,
தொட்டுவிட்டுப் போவான்.
பன்னிரண்டு சுற்றும் தோற்போம், ரத்தமில்லாமல்.
பணம் வரும்.
டிக்கெட் வாங்கியவர்கள் ஒன்பதாம் சுற்றில்
கோட்டைத் தேடுவார்கள்.

பிறகு அல்மாட்டியின் தஸ்தான்.
இருபத்து மூன்று வயது,
பதினான்கு சண்டை, பதினான்கு பேரும் ஸ்ட்ரெச்சரில்.
எல்லாரும் அஞ்சுவது அவனுக்குத்தான்.
நான் அவன் வீடியோக்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு
வாயை மட்டும் பார்த்தேன்.
நான்காம் சுற்றிலேயே திறந்துவிடுகிறது.
ஆறாம் சுற்று என்று ஒன்று உண்டென்று
அந்த உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அடிமேல் அடி விழுந்தால் அம்மியும் நகருமாம்.
இது நகராது.
அடிக்கிற கை சலிக்கும்வரை நிற்கும்,
ஏழில், எட்டில்,
அந்தப் பையன் கயிற்றில் சாய்ந்து
காற்றை விழுங்கும்போது
உர்ஹோவின் கப்பல் ஒன்று ஆடி அசைந்து வந்து சேரும்.
விலக அவனுக்குக் கால் இருக்காது.
மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு.
இந்த எடையில் இந்த வேகத்துக்கு அது அதிகம்.

இவ்வளவையும் ரூட்பெக்கிடம் சொல்லியிருக்கலாம்.
சொல்ல வாயெடுத்தேன்.

மேஜை இழுப்பறையில் ஒரு மர அளவுகோல் இருக்கிறது.
மாதத்துக்கு ஒருமுறை
அவன் விரல்களுக்கு நடுவில் அதைப் பிடித்து,
சொல்லாமல் விடுவேன்.
எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடிக்கிறானோ
அதைச் சுவர்க் காலண்டரில் குறிப்பேன்.
நான் இந்த வேலைக்கு வந்த வருஷம் பதினெட்டு.
போன வருஷம் இருபத்தொன்று.
ஜனவரியில் இருபத்து நான்கு.
முந்தாநாள் அளவுகோல் முழுசாக வழுக்கித்
தரையில் விழுந்து சத்தம் போட்டது.
"கையில் வியர்வை" என்றான்.
வெளியே மைனஸ் பதினாறு.

விழாதவன் என்கிறார்கள்.
விழுந்தவர்களுக்காவது எண்ணுவதற்குப்
பத்து விநாடி கிடைக்கிறது.
இவனுக்கு யாரும் எண்ணியதே இல்லை.

"கேட்கிறதா?" என்றார் ரூட்பெக்.
"நாளைக்குச் சொல்கிறேன்."

கதவருகே நிற்கிறான், கையில் துண்டு,
எவ்வளவு கேட்டானோ தெரியாது.
"இன்னொரு முறை போட்டுப் பார்" என்று
நாற்காலியை இழுத்து உட்கார்ந்து
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரிக்கிறான்,
எதையோ கிள்ளிக் கேட்பதுபோல.

அளவுகோலைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
விடுவதற்கு முன்
மூக்கால் மெல்ல மூச்சை இழுக்கிறேன்.
பதினோரு வருஷமாக இவன் காதருகே இழுக்கிற மூச்சு,
இவன் அறிவான்.

பத்தொன்பது.

காலண்டரைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்.
பேனாவை எடுத்து நீட்டுகிறான்.